ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயிண்ட் முதல் ஆர்மா வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2001ஆம் ஆண்டு வெளிவந்த ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயிண்ட் என்ற ராணுவ விளையாட்டைப் பற்றியும் அதன் வழிவந்த ஆர்மா வரிசையைப் பற்றியும் புதியவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. சில பதில்கள் நீளமானவை. அங்கே சொல்ல வேண்டியது அதிகம்.

இது எந்த வகை விளையாட்டு?

வீரனின் கண்வழியாகப் பார்த்து ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு என்று சொன்னால் பாதிதான் சரி. அதே வரைபடத்தில் நடக்கலாம், ஜீப் ஓட்டலாம், டாங்கிக்குள் ஏறலாம், ஹெலிகாப்டரைக் கிளப்பலாம். சண்டை ஒரு கூடத்திலோ தெருவிலோ அடைபட்டிருக்காது. தீவு முழுவதும் திறந்தே கிடக்கும். முதல் ஆட்டத்தின் வரைபடம் பக்கத்துக்கு 12.8 கிலோமீட்டர் கொண்ட சதுரம். தீவு போக மீதியெல்லாம் கடல். எதிரி எந்தத் திசையிலிருந்து வருவான் என்று ஆட்டம் உங்களுக்குச் சொல்லாது. அதைக் கண்டுபிடிப்பதே உங்கள் முதல் வேலை.

யார் உருவாக்கினார்கள்? கதை என்ன?

செக் குடியரசின் பிராக் நகரில் 1999இல் தொடங்கப்பட்ட பொஹீமியா இன்டராக்டிவ். மாரெக் ஷ்பானெல், ஒன்ட்ரெய் ஷ்பானெல் என்ற சகோதரர்கள் இதன் தூண்கள். வெளியிட்டது பிரிட்டனைச் சேர்ந்த கோட்மாஸ்டர்ஸ். ஆட்டத்தின் முழுப்பெயர் ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயிண்ட்: கோல்ட் வார் கிரைசிஸ்.

கதை 1985இல் நடக்கிறது. கோர்பச்சேவ் அப்போதுதான் பதவிக்கு வந்திருக்கிறார். மாஸ்கோவின் சொல்லைக் கேட்காத ஜெனரல் கூபா என்ற சோவியத் தளபதி, எவரான், மால்டன், கொல்குயெவ் என்ற மூன்று கற்பனைத் தீவுகளில் போரைக் கிளப்புகிறார். நீங்கள் முதலில் ஆடுவது ஆம்ஸ்ட்ராங் என்ற சாதாரணக் காலாட்படை வீரனாக. பின்னர் டாங்கிப் படை, விமானம், சிறப்புப் படை என்று வேறு மூவரின் கோணங்களும் சேர்ந்துகொள்கின்றன. பனிப்போரின் இரு பக்கங்களில் கிழக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் எழுதிய கதை இது. சோவியத் வீரனும் மனிதன் என்ற எண்ணம் அதில் இயல்பாகவே ஓடுகிறது.

யதார்த்தம், யதார்த்தம் என்கிறார்களே, அப்படி என்ன இருக்கிறது?

ஒரு தோட்டா பட்டால் செத்துவிடுவீர்கள் என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் இந்த ஆட்டத்தின் யதார்த்தம் தூரத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

300 மீட்டரில் நிற்கும் எதிரி திரையில் ஒரு சிறு கறை. புதருக்கும் அவனுக்கும் வித்தியாசம் தெரிய அவன் அசைய வேண்டும். உங்களை நோக்கிச் சுட்டால் முதலில் கேட்பது தோட்டா காதருகே காற்றைக் கிழிக்கும் சத்தம். துப்பாக்கி வெடித்த ஓசை அதற்குப் பிறகுதான் வரும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஆட்டம் அதைக் கணக்கில் வைத்திருக்கிறது. 680 மீட்டர் தள்ளி ஒரு குண்டு வெடித்தால் புகையைப் பார்த்த இரண்டு நொடி கழித்துத்தான் ஓசை உங்களை வந்தடையும். பழகிய ஆட்டக்காரர்கள் இந்த இடைவெளியை வைத்தே எதிரி எவ்வளவு தொலைவில் இருக்கிறான் என்று சொல்லிவிடுவார்கள்.

தோட்டாவும் நேர்க்கோட்டில் போவதில்லை. தூரம் கூடக் கூடக் கீழே இறங்கும். 400 மீட்டருக்கு அளவு வைத்த துப்பாக்கியால் 200 மீட்டரில் நெஞ்சைக் குறிவைத்தால் தோட்டா குறிக்கு மேலே போகும். ஓடிவந்து மூச்சிரைக்க நின்றால் துப்பாக்கி முனை தள்ளாடும். படுத்துக்கொண்டு, நான்கைந்து நொடி பொறுத்து, பிறகு சுட வேண்டும். அந்த நான்கைந்து நொடி பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாய்த்தவர்களுக்கு வேறு துப்பாக்கி ஆட்டங்கள் அதன் பிறகு ருசிப்பதில்லை.

இருபது ஆண்டுக்கு மேல் பழைய ஆட்டம். இன்று ஆடத் தகுமா?

தகும். முகங்கள் மரப்பாச்சி போல இருக்கும், மரங்கள் அட்டையில் வெட்டியவை போலத் தெரியும். வானொலிக் கட்டளைகள் தனித்தனியாகப் பதிவுசெய்த சொற்களை ஒட்டிப் பேசுவதால் ஏற்ற இறக்கமில்லாமல் துண்டுதுண்டாக ஒலிக்கும். அரை மணி நேரத்தில் இவையெல்லாம் கண்ணிலும் காதிலும் உறைக்காமல் போய்விடும்.

மோன்டினியாக் என்ற ஊரைத் தாக்கப் போய்த் தோற்றுப் பின்வாங்கும் கட்டம் வரைக்குமாவது ஆடிப் பாருங்கள். உங்கள் படை சிதறிவிடுகிறது. காட்டில் தனியாக நிற்கிறீர்கள். கையில் வரைபடமும் திசைகாட்டியும் உண்டு. ஹெலிகாப்டர் வந்து அழைத்துப் போவதாகச் சொன்ன இடம் தொலைவில் இருக்கிறது. சாலையில் போனால் ரோந்து வண்டிகள் கண்டுவிடும். காட்டுக்குள் போனால் நாலைந்து பேராக வரிசையில் தேடிக்கொண்டு வருகிறார்கள். சுட்டால் ஒருவன் சாவான், மற்றவர்களுக்கு உங்கள் இடம் தெரிந்துவிடும். ஆகவே கையில் துப்பாக்கி இருந்தும் சுடாமல் புதருக்குள் படுத்துக்கிடந்து, பூட்ஸ் ஓசை விலகும்வரை காத்திருப்பீர்கள். ஒரு மிஷனுக்கு, அதாவது கதையின் ஒரு கட்டத்துக்கு, ஒரே ஒரு முறைதான் ஆட்டத்தைச் சேமிக்க முடியும் என்பதும் சேர்ந்துகொள்ளும்போது, இப்போது சேமிப்பதா, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ச் சேமிப்பதா என்பதே பெரிய முடிவாகிவிடும். 2001இல் இப்படி ஒரு மிஷனை எந்தப் பெரிய நிறுவனமும் துணிந்து வைத்திருக்காது. சுடும் ஆட்டத்தில் சுடாமல் இருக்க வைத்த அந்தத் துணிச்சலுக்காகவே இதை ஆட வேண்டும்.

இப்போது இந்த ஆட்டம் ஆர்மா: கோல்ட் வார் அசால்ட் என்ற பெயரில் கிடைக்கிறது. பெயர் மாறிய காரணம் கீழே.

ரெசிஸ்டன்ஸ் என்பது தனி ஆட்டமா?

2002இல் வந்த விரிவாக்கம். இந்த வரிசையின் மிகச் சிறந்த கதை இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. 1982இல், நோகோவா என்ற தீவில், முன்னாள் சிறப்புப் படை வீரரான விக்டர் த்ரோஸ்கா எல்லாவற்றையும் விட்டு அமைதியாக வாழ்கிறார். சோவியத் படை வந்திறங்குகிறது. எதிர்ப்புக் குழுவில் சேர்வதா, விலகி நிற்பதா என்று தொடக்கத்திலேயே உங்களிடம் கேட்கிறது ஆட்டம்.

இதில் ஆயுதங்களும் ஆட்களும் ஒரு மிஷனிலிருந்து அடுத்த மிஷனுக்குக் கூடவே வருவார்கள். செத்த எதிரியின் துப்பாக்கியை எடுத்து வைத்தால் அடுத்த சண்டைக்கு அது இருக்கும். எடுக்க மறந்தால் இருக்காது. கூட்டாளி செத்தால் செத்ததுதான். சண்டை முடிந்த வயலில் தோட்டா பொறுக்கிக்கொண்டு திரியும்போதுதான் கெரில்லாப் போராளியின் பாடு என்னவென்று விளங்குகிறது.

ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயிண்ட்: டிராகன் ரைசிங் என்று ஒன்று இருக்கிறதே, அது இரண்டாம் பாகம்தானே?

பெயரளவில் மட்டும். உருவாக்கியவர்களும் வெளியிட்டவர்களும் பிரிந்தபோது பெயர் கோட்மாஸ்டர்ஸிடம் தங்கியது. தொழில்நுட்பமும் அதை எழுதியவர்களும் பொஹீமியாவில் தங்கினார்கள். கோட்மாஸ்டர்ஸ் தன் சொந்த இன்ஜினில் (ஆட்டத்தை இயக்கும் அடிப்படை மென்பொருளில்) 2009இல் டிராகன் ரைசிங்கையும் 2011இல் ரெட் ரிவரையும் வெளியிட்டது. முதலாவது ஸ்கீரா என்ற தீவில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படைக்கும் சீன ராணுவத்துக்கும் நடக்கும் மோதல். இரண்டாவது தஜிகிஸ்தானில் நடக்கிறது. முதலாவது அப்படியொன்றும் மோசமில்லை, களத்தின் சூழல் நன்றாகவே இருக்கும். ரெட் ரிவரில் மிஷன்களை நாமே அமைக்க உதவும் எடிட்டர் கிடையாது. அதோடு அந்தப் பெயரின் கதையும் முடிந்தது.

பெயரை இழந்த பொஹீமியா தன் அடுத்த ஆட்டத்துக்கு ஆர்மா என்று பெயரிட்டது. பழைய ஆட்டத்தையும் 2011இல் அந்தக் குடும்பப் பெயரிலேயே மீண்டும் வெளியிட்டது. எது உண்மையான வாரிசு என்று கேட்டால், ஆர்மாதான்.

எடிட்டர், எடிட்டர் என்று பழைய ஆட்டக்காரர்கள் ஏன் உருகுகிறார்கள்?

இந்த வரிசையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கதையை முடித்துவிட்டு எடிட்டரைத் திறக்காமல் ஆட்டத்தை மூடிவிட்டவர் பாதிக்கும் குறைவாகத்தான் ஆடியிருக்கிறார்.

2001ஆம் ஆண்டு ஆட்டத்திலேயே அது இருந்தது. தீவின் வரைபடம் திறக்கும். ஓர் இடத்தில் இருமுறை சொடுக்கினால் ஒரு வீரனை நிறுத்தலாம். அவனை ஆட்டக்காரனாகக் குறித்தால் அதுவே நீங்கள். இன்னும் ஐந்தாறு பேரை நிறுத்தி, கோடிழுத்து இணைத்தால் ஒரு குழு. குழு எங்கே போக வேண்டும் என்று வழிப்புள்ளிகளை வைக்கலாம். எதிரி ஒரு வட்டத்துக்குள் நுழைந்ததும் வேறொரு இடத்திலிருந்து உதவிப்படை புறப்பட வேண்டும் என்றால், அங்கே ஒரு தூண்டியை வைத்து வழிப்புள்ளியோடு இணைத்துவிடலாம். முதல் சண்டையைப் பத்து நிமிடத்தில் அமைத்துவிட முடியும்.

அந்தச் சிறு சாளரத்தில் இரண்டு அமைப்புகள் உண்டு. அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஒன்று, அந்த வீரன் அங்கே இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்ற அளவுகோல். இன்னொன்று, குறித்த இடத்தைச் சுற்றி எத்தனை மீட்டருக்குள் அவன் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம் என்ற ஆரம். ஒரு காவல் வீரனுக்கு வாய்ப்பைப் பாதியாக்கி, ஆரத்தை 150 மீட்டராக வையுங்கள். இதையே பத்து எதிரிகளுக்குச் செய்யுங்கள். இப்போது மிஷனை எழுதிய உங்களுக்கே எதிரி எங்கே, எத்தனை பேர் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் புதிய சண்டை. தான் வைத்த புதிர் தன்னையே திகைக்க வைக்கும் இந்த இன்பத்தைத் தந்த ஆட்டங்கள் மிகச் சில.

இதற்கு மேல் போக விரும்புபவர்களுக்கு ஸ்கிரிப்ட் மொழி இருந்தது. பலர் நிரல் எழுத முதன்முதலாகக் கற்றுக்கொண்டதே இங்கேதான். ஆர்மா 3க்கு 2016இல் ஈடன் என்ற முப்பரிமாண எடிட்டர் வந்தது. வரைபடத்தில் புள்ளி வைப்பதற்குப் பதிலாக, நிலத்தின் மீதே பறந்துபோய்ப் பொருள்களை எடுத்து வைக்கலாம். 2014இல் வந்த ஸீயஸ் வசதியில் ஒருவர் மேலிருந்து பார்த்துக்கொண்டு, மற்றவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே எதிரியை இறக்கலாம், மழையை வரவழைக்கலாம், சண்டை சலித்தால் ஒரு திருப்பத்தைக் கொடுக்கலாம்.

ஆர்மா வரிசையில் எது எது வந்தது?

ஆர்மா: ஆர்ம்டு அசால்ட் 2006 இறுதியில் செக் குடியரசிலும் ஜெர்மனியிலும் வந்தது, மற்ற நாடுகளுக்கு 2007. களம் சஹ்ரானி என்ற தீவு. இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும்போது நடுவில் வந்து சேர முடிந்தது பெரிய முன்னேற்றம். கதை அவ்வளவாக நினைவில் நிற்காது.

ஆர்மா 2 வெளிவந்தது 2009இல். செர்னாரஸ் என்ற கற்பனை நாடு, 225 சதுர கிலோமீட்டர். செக் குடியரசின் ஊஸ்தி நாட் லாபெம் பகுதியின் உண்மையான நிலத்தரவைக் கொண்டு செதுக்கியது. அதனால்தான் அந்த மலைச்சரிவுகளும் தோட்டம் சூழ்ந்த சிற்றூர்களும் யாரோ வாழ்ந்த இடம் போலவே இருக்கின்றன. விளையாட்டுகளில் அமைந்த நிலங்களில் எனக்கு மிகவும் பிடித்தது செர்னாரஸ். வெளிவந்தபோது பிழைகள் மலிந்திருந்தன; பல மாதத் திருத்தங்களுக்குப் பிறகே ஆட்டம் நிலைபெற்றது. 2010இல் தகிஸ்தான் என்ற பாலைநிலத்தோடு ஆபரேஷன் ஆரோஹெட் வந்தது.

ஆர்மா 3 வந்தது 2013 செப்டம்பரில். கதை 2035ஆம் ஆண்டுக்குத் தாவியது. ஆல்டிஸ் தீவு 270 சதுர கிலோமீட்டர். கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவு அதன் மூலம். வெளியான நாளில் கதை மிஷன்களே இல்லை. அவை மூன்று பகுதிகளாக 2014 மார்ச்சுக்குள் இலவசமாக வந்து சேர்ந்தன. 2016இல் பசிபிக் தீவான டனோவா, 2019இல் லிவோனியா. முதல் ஆட்டத்தின் மால்டன் தீவைப் புதிதாகச் செய்து 2017இல் இலவசமாகவே கொடுத்தார்கள். பழைய ஆட்டக்காரர்களுக்கு அது சொந்த ஊருக்குத் திரும்பியதைப் போன்ற அனுபவம்.

லெம்னோஸ் விவகாரத்தில் சிலர் கைதானார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். 2012 செப்டம்பரில் பொஹீமியா ஊழியர்கள் இருவர் லெம்னோஸ் தீவுக்குப் போயிருந்தபோது, ராணுவ நிலைகளைப் படமெடுத்ததாகச் சொல்லி உளவுக் குற்றச்சாட்டில் கிரேக்கக் காவல் துறை அவர்களைக் கைது செய்தது. சுற்றுலாவாகத்தான் போனோம் என்றார்கள் இருவரும். 2013 ஜனவரியில் பிணையில் விடுதலையாகி நாடு திரும்பினார்கள். ஆட்டத்தில் தீவின் பெயர் ஆல்டிஸ் என்று மாற்றப்பட்டது. ஒரு விளையாட்டுக்காக இரண்டு பேர் நான்கு மாதம் சிறையில் இருந்தார்கள். இதை வேடிக்கைக் கதையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

டேஸியும் பப்ஜியும் இதிலிருந்து வந்தவையா?

ஆம், நேர் வழியாகவே. நியூசிலாந்து ராணுவத்தில் பணியாற்றிய டீன் ஹால், புருனே காட்டில் உயிர்பிழைப்புப் பயிற்சியில் பட்ட பசியையும் களைப்பையும் மனத்தில் வைத்து, 2012இல் ஆர்மா 2க்கு டேஸி என்ற மோடை, அதாவது ஆட்டத்தை மாற்றியமைக்கும் சேர்க்கையை, எழுதினார். செர்னாரஸ் முழுவதும் நடைப்பிணங்கள். உணவு தேட வேண்டும், தண்ணீர் தேட வேண்டும். வழியில் எதிர்ப்படும் இன்னொரு ஆட்டக்காரர் உதவுவாரா, சுடுவாரா என்று தெரியாது. பிணங்களைவிட மனிதர்களே அதிக அச்சம் தந்தார்கள். அந்த ஒரு மோடுக்காகவே மூன்றாண்டு பழைய ஆர்மா 2 கடைகளில் மீண்டும் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. டேஸி தனி ஆட்டமாக முன்னோட்ட நிலையில் 2013 டிசம்பரிலும் முழு வடிவில் 2018 டிசம்பரிலும் வெளிவந்தது.

டேஸியை வைத்து, கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்சும் போட்டியை உருவாக்கினார் அயர்லாந்துக்காரரான பிரெண்டன் கிரீன். அதை ஆர்மா 3க்கும் கொண்டுபோனார். பிறகு தென்கொரிய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து 2017இல் அவர் கொடுத்ததுதான் பப்ஜி. கைப்பேசியில் பப்ஜி ஆடும் கோடிக்கணக்கானவர்களில் பலருக்கு அதன் கொடிவழி ஒரு செக் ராணுவ விளையாட்டின் எடிட்டரில் தொடங்கியது தெரியாது. ஆட்டத்தைப் பூட்டி வைக்காமல் திறந்து கொடுத்ததன் பலன் இது.

உண்மையான ராணுவங்கள் இதைப் பயிற்சிக்குப் பயன்படுத்துகின்றனவா?

இதே ஆட்டத்தை என்பதைவிட, இதன் உடன்பிறப்பை என்று சொல்வதே சரி. ஃப்ளாஷ்பாயிண்ட் இன்ஜினிலிருந்து விபிஎஸ் என்ற பயிற்சி மென்பொருள் பிறந்தது. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை, ஆஸ்திரேலிய ராணுவம் உட்படப் பல நாட்டுப் படைகள் அதைப் பயன்படுத்தியிருக்கின்றன. அமெரிக்க ராணுவத்தின் வாகன அணிகள் சாலைப் பதுங்குத் தாக்குதலை எதிர்கொள்ளப் பயில்வதற்கு ஃப்ளாஷ்பாயிண்ட்டின் மேலேயே டார்வார்ஸ் ஆம்புஷ் என்ற பயிற்சி உருவாக்கப்பட்டது. விபிஎஸ்ஸை உருவாக்கிய பொஹீமியா இன்டராக்டிவ் சிமுலேஷன்ஸ் தனி நிறுவனமாகிவிட்டது. 2022இல் பிஏஇ சிஸ்டம்ஸ் என்ற பாதுகாப்புத் தளவாட நிறுவனம் அதை வாங்கியது.

இதனால் ஆட்டம் ஆடினால் படைவீரனாகிவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. ராணுவங்கள் இதில் பயில்வது குறிபார்ப்பதை அல்ல. யார் எங்கே இருக்கிறார்கள் என்று வானொலியில் தெளிவாகச் சொல்வது, அணி கலையாமல் நகர்வது, குழப்பத்தில் முடிவெடுப்பது ஆகியவற்றைத்தான்.

எதிரியை நான் பார்க்கும் முன்பே அவன் என்னைச் சுட்டுவிடுகிறான். ஏமாற்றா?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் வானத்தின் பின்னணியில், மலை முகட்டில் நின்றிருப்பீர்கள். அல்லது சற்று முன்பு சுட்டு உங்கள் இடத்தைக் காட்டிக்கொடுத்திருப்பீர்கள். முகட்டில் நடக்காமல் சற்றுக் கீழே சரிவில் நடங்கள். சுட்டதும் இடம் மாறுங்கள். திறந்த வயலைக் கடக்கும் முன் படுத்துக்கொண்டு ஒரு நிமிடம் பார்வையிடுங்கள்.

ஆனால் புகாரில் உண்மை இல்லாமலும் இல்லை. கணினி இயக்கும் வீரர்கள் சில நேரம் புல்லையும் தழையையும் ஊடுருவிப் பார்ப்பது போலக் குறிவைப்பார்கள். கட்டடத்துக்குள் போனால் அதே வீரர்கள் கதவருகே தடுமாறி நிற்பார்கள். ஆர்மா 3இல் ஆட்டத்தின் கடினத்தைத் தீர்மானிக்கும் அமைப்புக்குள் எதிரியின் திறனும் குறித்துல்லியமும் தனித்தனி அளவுகோல்கள். திறனை அப்படியே விட்டுத் துல்லியத்தை மட்டும் நன்றாகக் குறையுங்கள். எதிரி புத்தியோடு நகர்வான், ஆனால் முதல் தோட்டாவிலேயே கொல்ல மாட்டான். சண்டை நீளும், சுவையும் கூடும்.

திருட்டுப் பிரதியில் ஆடினால் குறி தவறுமாமே?

ஆம். ஃபேட் என்ற பாதுகாப்பு முறை அது. பிரதி போலியென்று கண்டால் ஆட்டம் உடனே நிற்காது. மெல்ல மெல்லத் துப்பாக்கிக் குறி கெட்டுப்போகும். காசு கொடுத்து வாங்குங்கள். தள்ளுபடிக் காலங்களில் பழைய ஆட்டங்கள் மிகக் குறைந்த விலைக்கே கிடைக்கின்றன.

தனியாக ஆடுவதா, கூட்டமாக ஆடுவதா?

இரண்டும் இரு வேறு ஆட்டங்கள். பொதுச் சர்வர்களில் கிங் ஆஃப் தி ஹில் போன்ற வேகமான சண்டைகள் உண்டு. ஆல்டிஸ் லைஃப் மோடில் குடிமகன், காவலர், கொள்ளையன் என்று வாழ்ந்து காட்டலாம். ஆன்டிஸ்டாசி என்ற மோடில் சிறு கெரில்லாக் குழுவாகத் தொடங்கித் தீவு முழுவதையும் மீட்கலாம். ரெசிஸ்டன்ஸ் பிடித்தவர்களுக்கு அது கட்டாயம் பிடிக்கும்.

இவையெல்லாவற்றையும்விட மேலானது, வாரம் ஒருமுறை கூடி ஆடும் குழுக்கள். ஏஸ் என்ற மோடு காயம், கட்டுப்போடுதல், காற்றின் போக்கு ஆகியவற்றைச் சேர்க்கிறது. ஏக்கர், டிஎஃப்ஏஆர் போன்ற மோடுகள் வானொலியை உண்மையாக்குகின்றன: தூரம் கூடினால் குரல் கரகரக்கும், அலைவரிசை மாறினால் கேட்காது. இருபது முப்பது பேர் இரண்டு மணி நேரம் நடந்து, அதில் பத்து நிமிடம் மட்டும் சுட்டிருப்பார்கள். மருத்துவராக வந்தவர் ஒரு தோட்டாகூடச் சுடாமல் மூன்று பேரைக் காப்பாற்றியிருப்பார். அன்றைய இரவின் நாயகன் அவர்தான். புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் குழுவாகப் பார்த்துச் சேருங்கள். கத்துகிற தலைவர் இருந்தால் அடுத்த குழுவைத் தேடுங்கள்.

போரைப் பெருமைப்படுத்துகிறதா இந்த ஆட்டம்?

இந்தக் கேள்வியை எல்லாப் போர் விளையாட்டுகளிடமும் கேட்க வேண்டும். 2017இல் ஆர்மா 3க்கு லாஸ் ஆஃப் வார் (போர்ச் சட்டங்கள்) என்ற விரிவாக்கம் வந்தது. அதில் நீங்கள் துப்பாக்கி ஏந்தியவர் இல்லை. போர் ஓய்ந்த சிற்றூரில் கண்ணிவெடி அகற்றும் தொண்டர். அந்த ஊருக்கு என்ன நேர்ந்தது, யார் எந்த வெடியை எங்கே விட்டுப்போனார்கள் என்று ஒவ்வொன்றாக நினைவுகூர்கிறீர்கள். பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவோடு சேர்ந்து பணியாற்றி உருவாக்கியது இது. அந்த ஆண்டு வருவாயில் பாதியை, அதாவது ஒரு லட்சத்து எழுபதாயிரம் டாலருக்கும் மேல், அக்குழுவுக்கே கொடுத்தார்கள். இந்த வரிசையில் ஒன்றை மட்டும் ஆட நேரமிருக்கிறது என்பவருக்கு இதைத்தான் நான் கொடுப்பேன்.

செய்தியில் வரும் போர் வீடியோ சில ஆர்மா காட்சிகள் என்கிறார்களே?

பலமுறை நடந்திருக்கிறது. உக்ரைன் போர் தொடங்கிய பின் மிக அதிகமாகி, 2022 நவம்பரில் பொஹீமியாவே எச்சரிக்கை வெளியிட்டது. கண்டுபிடிக்கும் வழிகளையும் சொன்னது. காட்சி வேண்டுமென்றே மங்கலாக இருக்கும், கேமரா நடுங்கும், பெரும்பாலும் இரவு நேரம். ஒலி இருக்காது. மனிதர்கள் தென்பட மாட்டார்கள், ஏனெனில் நடையைப் பார்த்தவுடன் விளையாட்டு என்று தெரிந்துவிடும். வெடிப்பின் புகையும் தூசியும் இயல்பாகக் கலையாது. யாராவது இப்படி ஒரு காட்சியை அனுப்பினால் மற்றவர்களுக்கு அனுப்பும் முன் இவற்றைப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தவர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. நம் கண்ணுக்கு நொடியில் தெரிவது மற்றவர்களுக்குத் தெரிவதில்லை.

எதில் தொடங்குவது?

கணினி இருந்தால் ஆர்மா 3. முதலில் பயிற்சி மிஷன்கள், அடுத்து எடிட்டரில் ஐந்து பேருக்கு ஐந்து பேர் என்று ஒரு சிறு சண்டை, அதற்குப் பிறகு மோடுகள். முதல் நாளே ஐம்பது மோடுகளை இறக்காதீர்கள். எது எதைக் கெடுத்தது என்று தெரியாமல் திணறுவீர்கள். ஆட்டம் மெதுவாக ஓடினால் முதலில் பார்வைத் தூரத்தைக் குறையுங்கள். இந்த இன்ஜினுக்கு வரைகலை அட்டையைவிட செயலியின் வேகமே முக்கியம்.

கணினி இல்லை, கன்சோல்தான் என்றால் ஆர்மா ரீஃபோர்ஜர்.

ரீஃபோர்ஜர் என்பது என்ன? ஆர்மா 4 எப்போது?

ரீஃபோர்ஜர் 2022 மே மாதம் முன்னோட்ட நிலையிலும் 2023 நவம்பரில் முழுமையாகவும் வந்தது. என்ஃபியூஷன் என்ற புதிய இன்ஜின். முதல் ஆட்டத்தின் எவரான் தீவு 51 சதுர கிலோமீட்டரில் புதுமெருகோடு திரும்பியிருக்கிறது; காலம் 1989. எக்ஸ்பாக்ஸிலும் பின்னர் பிளேஸ்டேஷன் 5இலும் வந்ததோடு, கன்சோல்களிலும் மோடுகள் ஓடுகின்றன. கான்ஃப்ளிக்ட் என்ற பயன்முறையில் முகாம்களுக்குப் பொருள்களை லாரியில் ஏற்றிச் செல்ல வேண்டும். லாரி வராவிட்டால் முன்னணியில் இருப்பவருக்குத் துப்பாக்கி கிடைக்காது. லாரி ஓட்டுவதையே விரும்பி ஏற்றுக்கொண்ட ஆட்டக்காரர்கள் இதில் உருவாகியிருக்கிறார்கள். மரங்களும் மழையும் இரவும் முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு அழகு.

ரீஃபோர்ஜரின் குறை, தனியாக ஆடுபவருக்கு அதில் தீனி மிகக் குறைவு என்பது. ஆர்மா 4ஐ 2027இல் வெளியிடுவதாக பொஹீமியா 2024இல் அறிவித்தது. ரீஃபோர்ஜர் அதற்கான ஒத்திகை என்பதை அவர்களே சொல்கிறார்கள். அதில் எனக்கு வேண்டியது மூன்று. நிரல் தெரியாதவரும் பத்து நிமிடத்தில் ஒரு சண்டையை அமைக்கக்கூடிய எடிட்டர். இணையம் இல்லாமலும் ஓடும் ஆட்டம். ரெசிஸ்டன்ஸைப் போல, எடுத்து வைத்த துப்பாக்கிக்கும் இழந்த தோழனுக்கும் கணக்கு வைத்திருக்கும் ஒரு நீண்ட கதை. முதல் இரண்டும் இருந்தால் மூன்றாவதை ஆட்டக்காரர்களே எழுதிக்கொள்வார்கள்.